பதினேழாம் பக்கத்துப் பூசணி

பதினேழாம் பக்கத்தில் ஒரு ஓட்டை இருந்தது. பன்னிரண்டு வரி ஆழம், ஒரு பத்தி அகலம், உள்ளே வெறும் வெள்ளை. பக்கங்கள் அச்சகத்துக்குப் போக இன்னும் நாற்பது நிமிடம்தான் இருந்தது.

"ஒன்பதுதான் இருக்கு," என்றார் லேஅவுட்காரர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "மேல கொட்டை எழுத்துல பத்துப் புத்தகம்னு போட்டிருக்கோம்."

"இருக்காது. நல்லா எண்ணுங்க."

"மூணு தடவை எண்ணிட்டேன். நீங்க ஒரு தடவை எண்ணுங்க."

அந்த வாரப் பத்திரிகையின் துணையாசிரியர் குனிந்து எண்ணினார். ஆபீஸில் அவருக்குக் காற்புள்ளி என்று பெயர். யார் எதை எழுதிக் கொடுத்தாலும் நாலு காற்புள்ளி சேர்க்காமல் கீழே வைக்க மாட்டார். வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆறு மாதம் முடிந்தால் நிரந்தரம். இதற்கு முன் மூன்று இடங்களில் ஆறாவது மாதத்தின் முகத்தையே பார்க்காமல் வெளியே வந்தவர் அவர். அதனால் இந்தத் தடவை ஒரு தப்பும் நடந்துவிடக் கூடாது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்த்தார்.

எண்ணி முடித்தார். ஒன்பதுதான் இருந்தது.

ஒவ்வொரு வருஷமும் கடைசி இதழில், லேஅவுட்காரர் உட்பட ஆபீஸில் எழுதத் தெரிந்த பத்துப் பேரும் தங்களுக்குப் பிடித்த ஒரு புத்தகத்தைப் பற்றி ஆளுக்கு எழுபது வார்த்தை எழுத வேண்டும். இந்த வருஷம் அந்தப் புத்தகம் தோட்டம் பற்றியோ, அந்தந்தப் பருவத்துச் சமையல் பற்றியோ, கிராமத்து வாழ்க்கை பற்றியோதான் இருக்க வேண்டும் என்று முதலாளியம்மா உத்தரவு போட்டிருந்தார். அவர் வீட்டில் புதிதாகத் தோட்டம் போட்டிருந்தார். முதலாளியம்மா தோட்டம் போட்டால் பத்திரிகையும் தோட்டம் போட வேண்டியதுதான்.

ஆபீஸ் இருந்தது மூன்றாவது மாடியில். செடி என்று பார்த்தால் வரவேற்பறை மூலையில் ஒன்று உண்டு. அது பிளாஸ்டிக். அதற்கும் யாரோ இரண்டு வருஷமாகத் தினம் தண்ணீர் ஊற்றி, கடைசியில் தரை ஓடு பெயர்ந்துபோய்த்தான் விஷயம் வெளியே வந்தது.

அப்படிப்பட்ட ஆபீஸிலிருந்து ஒன்பது அருமையான குறிப்புகள் வந்திருந்தன. அதுதான் காற்புள்ளிக்கு ஆச்சரியம். விளையாட்டுப் பக்கம் எழுதுகிறவர், கால்பந்தைத் தவிர உருண்டையாக வேறெதையும் ஏறெடுத்துப் பார்க்காதவர், அவரைக்கொடிக்குப் பந்தல் கட்டுவது பற்றிய புத்தகத்தை உருகி உருகி எழுதியிருந்தார். குறுக்கெழுத்துப் போடுகிறவர் விடியற்காலையில் பறித்த வெள்ளரிக்காயின் குளிர்ச்சியைப் பற்றி எழுதியதைப் படித்தபோது காற்புள்ளிக்கு வாயில் எச்சில் ஊறியது. ஆசிரியரோ கோழி அடைகாப்பது பற்றி ஒரு முழுப் புத்தகம் படித்திருந்தார். இந்த ஒன்பதையும் விரட்டி வாங்கி, திருத்தி, காற்புள்ளி வைத்து, தலைப்புக் கொடுத்த மும்முரத்தில், பத்தாவது ஆள் தான்தான் என்பது அவருக்குச் சுத்தமாக மறந்துபோய்விட்டது.

"உங்களோடதா பாக்கி?" என்றார் லேஅவுட்காரர்.

"இதோ, தட்டச்சு பண்ணிக்கிட்டே இருக்கேன்," என்றார் காற்புள்ளி.

அவர் தோட்டப் புத்தகம் எதையும் படித்ததில்லை. சமையல் புத்தகம் ஒன்று வீட்டில் இருந்தது. அது ஆடுகிற மேசையின் காலுக்கு அடியில் இருந்தது. இந்த அவசரத்துக்கு நூலகம் போய்த் திரும்ப நேரமில்லை. கேன்டீன் அக்கா டீ வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, ஒரு கண்ணாடி டம்ளரை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். காற்புள்ளி டீயைத் தொடாமல் எழுத ஆரம்பித்தார்.

புத்தகத்தின் பெயர் ‘வேலிக்கு உள்ளே ஒரு வருஷம்’. எழுதியவர் பெயர் ‘ஒரு தோட்டக்காரி’ என்று மட்டுமே போட்டிருக்கும். மாதத்துக்கு ஓர் அத்தியாயம். அறுவடை மாதத்து அத்தியாயத்தில், முழுப் பூசணி ஒன்றை வெட்டாமல் குழியில் புதைத்து, மேலே சருகு போட்டுத் தீ மூட்டி, காலையிலிருந்து வெயில் சாயும்வரை காத்திருந்து எடுத்துச் சாப்பிடுகிற முறை சொல்லப்பட்டிருக்கிறது. ‘காத்திருப்பதுதான் இதன் உப்பு’ என்று எழுதியவர் சொல்லுகிறார்.

எழுபது வார்த்தை சரியாக வந்தது. ஆறு காற்புள்ளி. ஓட்டை அடைபட்டது. தன் வாழ்க்கையில் முதல்முறையாக இல்லாத ஒன்றை இருப்பதாக அச்சில் ஏற்றிவிட்டோம் என்ற பயம் அவரைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பயத்தோடேயே வீட்டுக்குப் போனார்.

இதழ் வெளிவந்த நாலாம் நாள் மூன்று கடிதங்கள் வந்தன. மூன்றும் ஒன்றைத்தான் கேட்டன: ‘வேலிக்கு உள்ளே ஒரு வருஷம்’ எங்கே கிடைக்கும்.

"மத்த ஒன்பதையும் யாரும் கேக்கலையா?" என்றார் காற்புள்ளி.

"அதெல்லாம் படிச்சிருப்பாங்க," என்றார் விளையாட்டுப் பக்கத்துக்காரர், பட்டென்று. "எல்லாருக்கும் தெரிஞ்ச புத்தகம் சார். உங்களோடதுதான் கேள்விப்படாததா இருக்கு."

இது காற்புள்ளியின் நெஞ்சில் ஊசி மாதிரி இறங்கியது. கடிதம் எழுதிய மூவரில் ஒருவர், மற்ற ஒன்பதும் ஏற்கெனவே தன் அலமாரியில் இருப்பதாகவும் பத்தாவது இருந்தால் வரிசை நிறைந்துவிடும் என்றும்கூட எழுதியிருந்தார். உலகமே படித்த ஒன்பது புத்தகங்களுக்கு நடுவில் தன் போலி மட்டும் துருத்திக்கொண்டு நிற்பதாக அவருக்குத் தோன்றியது. அடுத்த இதழின் கேள்வி-பதில் பகுதியில், ‘இப்புத்தகம் தற்போது அச்சில் இல்லை’ என்று ஒரு வரி போட்டார். அதோடு கதை முடிந்தது என்று நினைத்தார்.

அச்சில் இல்லை என்றதும்தான் ஜனங்களுக்கு அது வேண்டியிருந்தது. மறுவாரம் நாற்பத்தொரு கடிதங்கள் வந்தன. ஒரு பழைய புத்தகக் கடைக்காரர், தன்னிடம் இரண்டு பிரதிகள் இருந்ததாகவும் போன வாரம்தான் இரண்டும் விற்றுப் போனதாகவும் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தைக் காற்புள்ளி நாலு தடவை படித்தார். ஒரு நிமிடம், அப்படி ஒரு புத்தகம் இருக்கிறதோ என்று அவருக்கே சந்தேகம் வந்தது.

அன்று மத்தியானம் ஆசிரியர் கூப்பிட்டார்.

"முதலாளியம்மா போன் பண்ணாங்க. உங்க பூசணியைச் செஞ்சு பாத்தாங்களாம்."

"அப்படியா சார். நல்லா வந்துச்சாமா?"

"வெடிச்சிருச்சாம்."

காற்புள்ளி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"புல்தரைக்கு நடுவுல குழி வெட்டி, சொன்ன மாதிரியே புதைச்சு, தீ மூட்டி, காத்திருந்திருக்காங்க. மூணு மணிக்கு ஒரு சத்தம். பூசணி பக்கத்து வீட்டு மாடியில போய் விழுந்திருக்கு. பாதி புல்தரை கருகிப் போச்சு. தீயணைப்பு வண்டி வந்திருக்கு."

"யாருக்காவது அடி கிடி...?"

"இல்ல. மாடியில துணி காயப்போட்டிருந்தாங்களாம், அதுக்குத்தான்." ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மாவுக்குக் கோவம் இல்ல. குறிப்பைச் சுருக்குறப்போ நீங்க எதையோ விட்டுட்டீங்கன்னு நினைக்குறாங்க. முழுசாப் படிச்சுப் பாக்கணுமாம். புத்தகத்தைக் கொண்டு வாங்க."

"அது இப்போ என்கிட்ட இல்ல சார். மச்சினி கேட்டாங்கன்னு குடுத்தேன். அவங்க ரொம்பத் தூரத்துல இருக்காங்க."

"பரவாயில்ல. அம்மாவோட கார் போகும். விலாசம் எழுதிக் குடுங்க."

விலாசம் எழுதுகிற பேனாவில் மை தீர்ந்துவிட்டதாகச் சொல்லிக் காற்புள்ளி வெளியே வந்தார். வீட்டுக்குப் போனதும் மனைவியிடம், அவளுடைய தங்கை வீட்டில் ஒரு புத்தகம் இருக்கிறதா என்று யாராவது கேட்டால் ஆமாம் என்று சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.

"என் தங்கச்சி வீட்லயா? புத்தகமா?" என்றாள் மனைவி. "அவ கல்யாணப் பத்திரிகையையே முழுசாப் படிக்க மாட்டா. யாருங்க நம்புவாங்க?"

அது நியாயமாகப் பட்டது. மறுநாள் ஆசிரியரிடம் போய், மச்சினி வீட்டில் கூரை ஒழுகிப் புத்தகம் நனைந்து கூழாகிவிட்டதாகச் சொன்னார். ஆசிரியர் நிஜமாகவே வருத்தப்பட்டார். வருத்தத்தோடு முதலாளியம்மாவுக்கு போன் செய்து பேசினார். பேசிவிட்டு நிமிர்ந்தபோது முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது.

"நல்ல யோசனை சொல்றாங்க. எழுதினவங்களையே பாத்துடலாம். அந்தத் தோட்டக்காரி எங்க இருக்காங்க?"

"அவங்க யாரையும் பாக்க மாட்டாங்க சார். ஒதுக்குப்புறமா ஒரு பண்ணை வீடு. போன் கூடக் கிடையாது."

"பிரமாதம்," என்றார் ஆசிரியர். "அட்டைப்படக் கட்டுரையே போட்டுடலாம். புகைப்படக்காரரைக் கூட்டிக்கிட்டு நீங்களே நாளைக்குக் கிளம்புங்க. வேலி, தோட்டம், அடுப்பு எல்லாம் வரணும். முடிஞ்சா வெடிக்காத ஒரு பூசணியும்."

காற்புள்ளி தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தார். கேன்டீன் அக்கா வைத்துவிட்டுப் போன டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. அவர் நல்ல மனிதர். ஒரு கொசுவை அடிக்கக்கூட இரண்டு தடவை யோசிப்பவர். ஆனாலும் அன்று சாயங்காலம் நாலரை மணிக்கு, வேறு வழியில்லாமல், அந்தத் தோட்டக்காரியைக் கொன்றுவிட்டார்.

"இப்போதான் தகவல் வந்துச்சு சார். காலமாயிட்டாங்களாம்."

"எப்போ?"

"போன வாரம்."

"எப்படி?"

"வயசாயிடுச்சு சார்," என்றார் காற்புள்ளி. வேறு விதமாகச் சாகடிக்க அவருக்கு மனம் வரவில்லை.

ஆசிரியர் எழுந்து நின்றார். இருவரும் சற்று நேரம் பேசாமல் நின்றார்கள். பிறகு ஆசிரியர் உட்கார்ந்து, அஞ்சலிக்கு இரண்டு பக்கம் ஒதுக்கினார். முதல் பக்கம் காற்புள்ளி எழுத வேண்டும். இரண்டாவது பக்கம் வாசகர்களுக்கு.

எழுதினார். விடிந்ததும் வெறுங்காலோடு தோட்டத்துக்குப் போகிறவர், முளைத்த விதைகளை எண்ணிவிட்டுத்தான் காலை உணவு சாப்பிடுகிறவர், யாரிடமும் எதையும் எதிர்பார்க்காதவர் என்றெல்லாம் எழுதியபோது, இவ்வளவு நல்ல ஒரு மனுஷியை ஒரு வேலைக்காகச் சாகடித்துவிட்டோமே என்று உண்மையாகவே துக்கம் வந்தது. அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

இரண்டாவது பக்கத்துக்கு முப்பது கடிதங்கள் வந்தன. ஒருவர் அந்த அம்மாள் தன் கையில் கொடுத்த விதை இன்றும் தன் மொட்டை மாடியில் காய்ப்பதாக எழுதியிருந்தார். இன்னொருவர் சின்ன வயதில் அவருடைய நாற்றுப் பாத்தியை மிதித்துவிட்டுத் திட்டு வாங்கியதை நினைவுகூர்ந்தார். தொப்பி போட்ட ஒரு பெண்மணி முதுகைக் காட்டிக்கொண்டு களை பிடுங்குகிற புகைப்படம் ஒன்றும் தபாலில் வந்தது. ஆசிரியர் அதை அரைப் பக்கத்துக்குப் பெரிதாகப் போட்டார்.

ஓய்வுபெற்ற ஒரு தபால்காரரின் கடிதம் மட்டும் கொஞ்சம் சூடாக இருந்தது. ‘நான் அந்த வீட்டில் இருமுறை பூசணி சாப்பிட்டவன். புதைக்கும் முன் அவர் அதை நாலு இடத்தில் கம்பியால் குத்துவார். உங்கள் குறிப்பில் அது விடுபட்டிருக்கிறது. அச்சில் வருவதைப் பொறுப்போடு எழுதுங்கள்.’

முதலாளியம்மா அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு ஆபீஸுக்கே போன் செய்தார். காற்புள்ளியைத்தான் கூப்பிட்டார்.

"பாத்தீங்களா? குத்தணுமாம். அதான் வெடிச்சிருக்கு."

"மன்னிக்கணும்மா. இடம் பத்தல, சுருக்கினப்போ விட்டுட்டேன்."

"நேத்து குத்தி வெச்சுப் பாத்தேன். அருமையா வந்துச்சு. என் வாழ்க்கையில இப்படி ஒண்ணு சாப்பிட்டதில்ல." குரல் தழுதழுத்தது. "அந்தம்மா போனதுக்கப்புறம் நமக்கு ஒரு கடமை இருக்கு. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டம் வெக்கிறேன். பத்துப் பேரும் அவங்கவங்க புத்தகத்தோட வரணும். நம்ம வரவேற்பறையில கண்ணாடி அலமாரி செஞ்சு, பத்தையும் வாசகர்கள் பாக்குற மாதிரி வெக்கப் போறேன்."

"என் புத்தகம்தான் நனைஞ்சு..."

"கூழானாலும் கொண்டு வாங்க. அட்டை மட்டும் இருந்தாக்கூடப் போதும். உங்க நிரந்தர ஆர்டரை அன்னைக்கு என் கையாலயே குடுக்குறேன். அந்தம்மாவை உலகத்துக்குக் காட்டுனது நீங்கதானே."

போனை வைத்தபோது, சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் தன்னையே பார்ப்பது போல அவருக்கு இருந்தது. கூட்டம் பற்றிச் சொன்னார். குறுக்கெழுத்துக்காரர் பென்சிலைச் சீவ ஆரம்பித்து, முழுப் பென்சிலையும் சீவி முடித்தார்.

அந்த வாரம் முழுக்க ஆபீஸில் யாரும் யாருடனும் சரியாகப் பேசவில்லை. எல்லோருக்கும் தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது என்று காற்புள்ளி முடிவுகட்டினார். வியாழக்கிழமை விளையாட்டுப் பக்கத்துக்காரர் மாடிப்படியில் வழிமறித்தார்.

"நாளைக்கு நீங்க நிஜமாவே கொண்டு வரீங்களா?"

"எதை?"

"புத்தகத்தை."

"பாக்கணும். நீங்க?"

"என்னோடதுக்கென்ன. வீட்லயே இருக்கு. எங்கயோ இருக்கு." அவருக்கு நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. "தேடணும்."

வீட்டிலேயே வைத்திருக்கிறவன் எவ்வளவு நிம்மதியாகத் தேடுகிறான் என்று காற்புள்ளி பொறாமைப்பட்டார். அந்த ஒன்பது பேரில் ஒருவராகத் தான் பிறந்திருக்கக் கூடாதா என்று தோன்றியது. யோக்கியமாக ஒரு புத்தகத்தைப் படித்து, யோக்கியமாக எழுதி, பையில் போட்டு எடுத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு என்ன கவலை.

வெள்ளிக்கிழமை காலையில் அவர் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. மனைவி தட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"என்னங்க ஆச்சு? இன்னைக்கு ஆர்டர் குடுக்குற நாள்தானே? தெருவுல நாலு வீட்டுக்குச் சொல்லியிருக்கேன்."

அவர் உண்மையைச் சொன்னார். ஓட்டையிலிருந்து ஆரம்பித்து, பூசணி வழியாக, சாவு வரைக்கும் ஒன்றையும் விடாமல் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அப்போ அந்தத் தோட்டக்காரி அம்மா சாகலையா?"

"பிறக்கவே இல்ல."

"நான் ரெண்டு நாள் வருத்தப்பட்டேங்க," என்றாள். "பக்கத்து வீட்டுல சொல்லி அவங்களும் வருத்தப்பட்டாங்க." தண்ணீர்ச் சொம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். "போய்ச் சொல்லிடுங்க. இன்னும் எத்தனை பேரைச் சாகடிப்பீங்க?"

"வேலை போயிடும்."

"போகட்டும். இதுக்கு முன்னாடி மூணு போயிருக்கு, ஒரு தடவையும் நீங்க இப்படிச் சாப்பிடாம இருந்ததில்ல. இந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நிரந்தரமா இருந்தா என் கதி என்ன ஆகுறது?"

அவர் ராஜினாமாக் கடிதம் எழுதினார். எழுதி முடித்துத் திரும்பப் படித்தபோது, அதில் ஒரு காற்புள்ளிகூட இல்லை என்று கண்டார். அப்படியே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பதினோரு மணிக்குக் கூட்ட அறையில் எல்லோரும் கூடினார்கள். நீண்ட மேசையின் தலைப்பக்கம் முதலாளியம்மா. அவர் முன்னால் நீல உறையில் நிரந்தர ஆர்டர். இரு பக்கமும் ஒன்பது பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பது பேர் மடியிலும் ஒரு பை இருந்தது. ஒவ்வொருவரும் அதை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். காற்புள்ளியின் மடி மட்டும் காலியாக இருந்தது. கேன்டீன் அக்கா வண்டியோடு உள்ளே வந்து, முதலாளியம்மாவிலிருந்து ஆரம்பித்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

"யாரு முதல்ல?" என்றார் முதலாளியம்மா.

ஆசிரியர் இருமினார். மெய்ப்பு பார்க்கிற அம்மாள் பையின் ஜிப்பை ஓர் அங்குலம் திறந்து, மறுபடி மூடினார். காற்புள்ளி எழுந்து நின்றார்.

"அம்மா, நான் முதல்ல பேசிடறேன். அப்புறம் பேச எனக்குத் தைரியம் இருக்காது."

"பேசுங்க."

"என்கிட்ட புத்தகம் இல்ல. நனையவும் இல்ல. அப்படி ஒரு புத்தகமே கிடையாது. அந்தத் தோட்டக்காரியும் கிடையாது. பக்கத்துல பன்னிரண்டு வரி காலியா இருந்துச்சு, நாற்பது நிமிஷம்தான் இருந்துச்சு, நானா உக்காந்து எழுதினேன். பூசணியும் நானா யோசிச்சது. நான் பூசணியை நறுக்கிக்கூடப் பாத்ததில்ல."

முதலாளியம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ அந்தத் தபால்காரர்? ரெண்டு தடவை சாப்பிட்டாரே?"

"எனக்குத் தெரியலம்மா."

"அந்தத் தொப்பி போட்டவங்க?"

"அவங்க யாருன்னு எனக்கு நிஜமாவே தெரியாது."

"என் புல்தரை?"

காற்புள்ளி ராஜினாமாக் கடிதத்தை எடுத்து மேசைமேல் போட்டார். அது நேராக விழாமல் ஆசிரியரின் டீயில் விழுந்தது. ஆசிரியர் அதை எடுக்கவில்லை. தலை குனிந்தே உட்கார்ந்திருந்தார்.

முதலாளியம்மா நீல உறையைக் கையில் எடுத்தார். உள்ளே இருந்த ஆர்டரை வெளியே இழுத்து, இரண்டு விரலால் மேல் நுனியைப் பிடித்தார்.

"தப்பு எல்லாரும் பண்றதுதான். ஆனா இது படிக்கிறவங்களை ஏமாத்துறது. நான் இந்தப் பத்திரிகைக்கு வெச்சிருக்குற பேரு என்ன ஆகுறது? ஒன்பது பேரு ராத்திரி பகலா தேடிப் படிச்சு, உண்மையா எழுதியிருக்காங்க. அவங்களுக்கு நடுவுல இப்படி ஒண்ணைக் கொண்டுபோய்ச் சொருகியிருக்கீங்க. இவங்க முகத்துல நீங்க எப்படி முழிப்பீங்க? பாருங்க, நீங்களே பாருங்க அவங்களை."

காற்புள்ளி பார்த்தார். விளையாட்டுப் பக்கத்துக்காரர் மேசைக்கு அடியில் குனிந்து, கயிறே இல்லாத செருப்பின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். குறுக்கெழுத்துக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். லேஅவுட்காரர் பையில் முகத்தைப் புதைக்காத குறையாக உட்கார்ந்திருந்தார். ஒருவர்கூட அவர் கண்ணைச் சந்திக்கவில்லை. என் மூஞ்சியைப் பார்க்கக்கூட இவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று அவர் நினைத்தார். நினைத்ததும் கண்ணில் தண்ணீர் முட்டியது. இத்தனை மாதமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து, எல்லோர் முன்னிலையிலும் அழுதுவிட்டார்.

கேன்டீன் அக்கா மேசையைச் சுற்றிக் கடைசி ஆளான அவரிடம் வந்து சேர்ந்தார். டம்ளரை அவர் முன்னால் வைத்து, நிதானமாக டீயை ஊற்றினார்.

"இதுக்குப் போய் அழுவாங்களா சார்? மத்த ஒன்பது புத்தகத்துக்கும் பேரு வெச்சு, உள்ள என்ன இருக்குன்னு சொல்லிக் குடுத்ததே நான்தான். இந்தப் பத்துப் பேருல சொந்தமா எழுதினது நீங்க ஒருத்தர்தான்."